கல்லைத் தேய்த்த ராத்தா

போன கிழமை செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்கார நானா என் பழைய சோடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குதி தேஞ்சு கடதாசியாக் கிடக்கு. இதோட எப்பிடி நடந்தீங்க?" என்றார். நடந்தேன்தான். தேய்ந்தது தெரிந்தால்தானே!

வரும் வழியெல்லாம் 'தேஞ்சு' என்ற அந்தச் சொல் என் கூடவே வந்தது. எங்கள் வீட்டில் அது சும்மா இருந்ததேயில்லை. அம்மா தேய்ந்த சவர்க்காரத்தைப் புதுக்கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவார். குளிக்கும்போது அது கழன்று கிணற்றடி வாய்க்காலில் ஓடும், பின்னால் நான் ஓடுவேன். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்தால் கண் எரியும். தேய்பிறையில் அம்மா ஒன்றும் தொடங்கமாட்டார். நான் படகுத்துறைக் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்ததோ தேய்பிறையில். "உருப்பட்ட மாதிரித்தான்" என்று வழியனுப்பினார்.

அங்கே எனக்குத் தந்த முதல் வேலையும் தேய்மானக் கணக்கு. லோஞ்சிப் படகு, மேசை, கதிரை எல்லாவற்றின் பெறுமதியும் வருசா வருசம் தேய்ந்துகொண்டு வரும். எங்கள் கந்தோர்ப் பெரியவரின் பிடிவாதம் மட்டும் அதில் சேராது. அவர் ஒருமுறை "ஏலாது" என்றால் ஏலாதுதான்.

அவரிடம்தான் மூதூர் ஹபீபா ராத்தா வந்தார். ராத்தாவின் உம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். முதல் லோஞ்சி மூதூரில் ஏழு மணிக்கு வெளிக்கிட்டுக் குடாவைக் கடந்து வந்து சேர, இங்கே ஆசுபத்திரியில் கிளினிக் நம்பர் கொடுத்து முடிந்துவிடும். உம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"லோஞ்சியக் கொஞ்சம் வெள்ளண எடுங்க, சேர்." இவ்வளவுதான் ராத்தா கேட்டது.

"ஏலாது" என்றார் பெரியவர்.

அதன்பிறகு நம்பர் கிடைக்காத ஒவ்வொரு கிளினிக் நாளும் ராத்தா மட்டும் நேரே கந்தோருக்கு வந்து வாங்குப் பலகையில் இருப்பார். சண்டையில்லை, அழுகையில்லை. "இண்டைக்கும் நம்பர் முடிஞ்சு, சேர்." முதலில் பெரியவர் கத்தினார். பிறகு கோப்புக்குள் முகத்தைப் புதைத்தார். பிறகு, "அவ வந்திட்டாவா?" என்று பியோனிடம் விசாரிக்கத் தொடங்கினார். ஒருநாள் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். அந்தக் கோபம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான், போங்கள். நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

"எறும்பூரக் கல்லும் தேயும் எண்டது இதுதான்" என்றார் பியோன்.

கடைசியில் லோஞ்சியை ஆறு மணிக்கு எடுக்கும்படி உத்தரவு போனது.

முதல்நாள் புதினம் பார்க்க நான் இறங்குதுறைக்குப் போனேன். ராத்தா வந்திறங்கினார். அவர் கையைப் பிடித்து இறங்கியது ஒரு வயதான மனிதர்.

"உம்மா வரேல்லையா?" என்று கேட்டேன்.

"உம்மா மௌத்தாகி ஒரு மாசம், தம்பி. இவர் பக்கத்து வீட்டு மாமா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உம்மா இறந்த பிறகும் வந்து அந்த வாங்கில் இருந்திருக்கிறாரே, ஒரு சொல் சொல்லாமல்!

"சொல்லியிருந்தா அண்டைக்கே தந்திருப்பாரே, ராத்தா."

"பாவம் பாத்துத் தந்திருப்பாரு. புறகு, ஆருக்காகக் கேட்டதோ அந்த ஆளே மௌத்து, இனி என்னத்துக்கு எண்டு நிப்பாட்டியும் போடுவாரு. சுறுக்கா வாங்க மாமா, நம்பர் முடிஞ்சிடும்" என்று அவரை இழுத்துக்கொண்டு நடந்தார். என்ன மனுசியப்பா! நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

பாலங்கள் வந்தன, லோஞ்சி போயிற்று. கந்தோரும் அந்த வாங்கும் இல்லை. பெரியவரும் ராத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க பஸ் நிலையத்தடியால் வந்தபோது, மூதூர் பஸ் கொண்டக்டரிடம் சும்மா கேட்டேன், காலையில் அங்கிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று.

"ஆறுக்கு, ஐயா. ஆர் வச்ச நேரமோ தெரியாது. ஒருக்கா பிந்தி எடுக்கப் பாத்தம், சனம் விடேல்ல. கிளினிக் நம்பர் முடிஞ்சிடுமாம்."