உப்புக் கை

கொக்கிலமேட்டு மீனவக் குப்பத்து ஆதியம்மாளுக்குக் கண் கூர்மை. அதைத் தவிர வேறு எதையும் கடவுள் அவளுக்குத் தாராளமாகக் கொடுக்கவில்லை. அலையில் கட்டுமரம் புரண்டு புருஷன் தாண்டவராயன் இடுப்பொடிந்து படுத்த பிறகு, இரண்டு பிள்ளைகளோடு குடும்பம் மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. எழுபத்தேழில் செங்கல்பட்டில் கால்குலேட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளும் சிநேகிதி வேண்டாவும் அதே குப்பத்துப் பெண்கள் இன்னும் மூவரும் விடியலில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் வருவார்கள்.

கால்குலேட்டருக்கு மூளை ஒரு கறுப்புச் சில்லு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கால்கள். கம்பெனியில் அதற்குப் பெயர் ஐ.சி.; பெண்கள் அதைப் பூரான் என்பார்கள். பூரானின் கால்களைப் பலகையில் செருகி, ஈயம் வைத்துப் பற்றவைப்பதுதான் வேலை.

மறு வருஷம் விற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரண்டும் இரண்டும் எத்தனை என்றால் சும்மா முழிக்கும். பிரித்துப் பார்த்தால் பூரானின் கால்கள் கறுத்துக் கிடந்தன. முதலாளி ஜானகிராமன் ஒரு வாரம் யோசித்தார். யோசித்து என்ன கண்டுபிடித்தார் தெரியுமா? கடற்கரைப் பெண்களின் வியர்வையில் உப்பு அதிகமாம்! அந்தக் கை பட்டுத்தான் கால்கள் அரிக்கின்றனவாம். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

முதலில் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவச் சொன்னார். பிறகு வேண்டாவையும் மற்ற மூவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். செங்கல்பட்டுப் பெண்கள் அதற்குள் மூக்கைச் சுளிக்கப் பழகியிருந்தார்கள். பலகை துடைக்க ஆள் இல்லாததால் ஆதியம்மாள் மட்டும் தப்பினாள், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு.

"நாளெல்லாம் கடல்ல கீறது எங்க ஆம்பளைங்க. எங்க கையில எப்டிடீ உப்பு வந்துச்சி?" என்று வேண்டா பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாள். "எப்டியாச்சும் உங்கள உள்ள இட்டுகினு வரேன்" என்று ஆதியம்மாள் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

துடைக்கிற வேலைக்குத் தின்னரும் பஞ்சும் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் பலகைமேல் இருந்த பூரானையும் சேர்த்துத் துடைத்தபோது பஞ்சு கறுப்பாகிவிட்டது. சில்லின் மேலிருந்த நம்பரைக் காணோம். உற்றுப் பார்த்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல்கள். அவற்றுக்கு அடியில் வேறு ஏதோ ஒரு நம்பரின் மிச்சம். கால்களின் மடிப்பில் பழைய ஈயம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. "அட கேடுகெட்டவனே, நீ ஏற்கனவே ஒருத்திக்குத் தாலி கட்டினவனா!" என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. எங்கோ குப்பையில் போட்ட மெஷினிலிருந்து பிடுங்கி, பழைய நம்பரைச் சுரண்டி, மை பூசி, புது நம்பர் அடித்து விற்றிருக்கிறார்கள்.

பூரான்கள் அடைத்து வரும் பிளாஸ்டிக் குழாய்களில் பிரிக்காத ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனாள். அவர் கண்ணெதிரே பிரித்து, இடுக்கியால் ஒரு சில்லை எடுத்துத் தின்னரால் துடைத்தாள். நம்பர் பஞ்சோடு வந்தது.

"இத இன்னும் எந்த ஊரு கையும் தொடல சார்," என்றாள்.

ஜானகிராமன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சரக்கு வாங்கி வந்தவர் அவருடைய சொந்த மச்சினர். திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார்: "நாளையிலேர்ந்து லென்ஸ் வெச்சிகினு உக்காரும்மா. ரொம்ப மோசமானத தனியாப் போடு. ஒரு வருஷம் தாங்கும்னு தோணறத உள்ள அனுப்பு. உன்ன பர்மனென்ட் ஆக்கிடறேன்."

"வேண்டாவும் அந்த மூணு பேரும் சார்?"

"வாங்கினவங்களுக்கு லெட்டர் போயிடுச்சி. கடற்கரை ஆளுங்களாலதான் கோளாறு, அவங்கள வேலைய விட்டு எடுத்துட்டோம்னு. மறுபடி சேத்தா நம்ம மானம் இன்னாவறது?"

நாலு பெண்களின் மானம் அந்த லெட்டரில் ஏறிப் போனது அவருக்குத் தெரியவில்லை. ஆதியம்மாளுக்குப் படுத்திருக்கும் புருஷன் நினைவுக்கு வந்தான். "சரி சார்" என்றாள். அன்றிலிருந்து திருட்டுச் சரக்கில் நல்ல திருட்டைப் பொறுக்குவது அவள் உத்தியோகம்.

எழுபத்தொன்பதில் புது ஆள் எடுத்தார்கள். முதலாளி பக்கத்தில் ஆதியம்மாளையும் உட்கார வைத்திருந்தார். வரிசையில் வேண்டா வந்து நின்றாள். உடம்பு பாதியாகியிருந்தது, பேப்பரில் வேறு பேர், கொக்கிலமேட்டை மறைத்துச் சிங்கப்பெருமாள் கோயில் விலாசம். முதலாளிக்கு முகம் ஞாபகமில்லை, சந்தேகம் மட்டும் இருந்தது.

"ஆதி, இந்தப் பொண்ண உனக்குத் தெரியுமா?"

வேண்டா அவளையே பார்த்தாள். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சத்தியம் செய்தவள்தானே. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்னால் தெரிந்துவிட்டால்?

"தெரியும் சார். எங்க ஊருதான்."

வேண்டா சண்டை போடவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றாவது சொல்லியிருக்கலாம் பாவி. மேசைமேலிருந்த பேப்பரை எடுத்து மடித்துக்கொண்டாள்.

"சொல்லலன்னா உன்னயும் தொரத்திடுவாங்க. இல்ல ஆதி?" என்று ஆதியம்மாள் சொல்ல வேண்டிய காரணத்தையும் தானே சொல்லிவிட்டு வெளியே போனாள்.