சங்கு ஊதிய நேரத்தில் ஓர் ஆஃப்சைடு

எழுபதுகளின் பின்பாதி. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை என்று பலகை நட்டு, ஒவ்வொரு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். இரும்புக் கம்பி உருட்டும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நான் தற்காலிகக் குமாஸ்தா. தற்காலிகம் என்றால், சில மாதம் வேலை கொடுப்பார்கள். பிறகு ‘பிரேக்’ என்று ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்றுதான் பிறந்தவனைப்போல் புது அட்டை எழுதிச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் தொழிற்சாலையில் நான் அதுவரை மூன்று முறை பிறந்திருந்தேன்.

பொதட்டூர்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அது ஏன் என்பது வேறொரு குழப்பம், அதை விட்டுவிடுகிறேன். பெண்ணின் அப்பாவுக்கு ஒரே கேள்விதான். “மாப்ள பர்மனென்ட்டா, டெம்ப்ரவரியா?” நான் காபி டம்ளரைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு, “தை வரைக்கும் பாக்கறோம். அதுக்குள்ள ஆச்சுன்னா சொல்லி அனுப்புங்க” என்று எழுந்துவிட்டார்.

இந்த நிலையில்தான் கால்பந்து வந்து சேர்ந்தது. வேலைக்கு மனுப் போட்டபோது படிவத்தில் ‘விளையாட்டு’ என்று ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விட மனம் வரவில்லை. நூலகத்தில் செய்தித்தாள் காலியாக இல்லாத நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற வழக்கம் எனக்கு. அப்படிக் கால்பந்து விதிப்புத்தகம் ஒன்றை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன். அந்தத் தகுதியில் ‘கால்பந்து, பேக்’, அதாவது கோல் பக்கம் நின்று தடுக்கிறவன், என்று எழுதிவிட்டேன். தொழிற்சாலைகளுக்கிடையே கோப்பைப் போட்டி என்று அறிவிப்பு வந்ததும், பர்சனல் ஆபீசர் பழைய படிவங்களைப் புரட்டி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோப்பை வந்தால் டீமில் இருக்கிற டெம்ப்ரவரி ஆட்களைப் பற்றி மேலே பேசுவதாகச் சொன்னார். அதுவரை பந்தை நான் காலால் தொட்டதில்லை என்ற தகவலை அவருக்குச் சொல்ல அது சரியான தருணமாகத் தெரியவில்லை.

எங்கள் கேப்டன் உலைப் பக்கம் வேலை பார்த்தவர். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவரும் டெம்ப்ரவரி, என்னைவிட ஒரு பிறவி அதிகம் எடுத்தவர். டீமில் நிஜமாகவே ஆடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முதல் நாள் பயிற்சியில் பந்து என்னை நோக்கி வந்தது. பெரியவர்களுக்கு வழிவிடுவதுபோல் நான் மரியாதையாக ஒதுங்கினேன்.

“இன்னா நைனா, பந்து இன்னா பாம்பா? வந்தா துள்றே?”

“பழக்கம் விட்டுப்போச்சு” என்றேன்.

“எப்ப இருந்துச்சு, உட்டுப்போறதுக்கு?” என்றார்.

அந்தச் சமயத்தில் புது உருட்டு எந்திரம் ஒன்றைப் பூட்டித்தர இங்கிலாந்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்கு ஒருமுறை உடைந்து, தன் இஷ்டத்துக்குக் கூடியிருந்தது. இடது முழங்கால் மடங்காது. நின்றபடியே கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பார். அவர் தம் ஊரில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. பர்சனல் ஆபீசர் அவர் இங்கிலாந்து தேசத்துக்கே ஆடியவர் என்று முடிவுகட்டி மாலை போட்டார். அவர் இல்லை, இல்லை என்று தலையை ஆட்ட ஆட்ட, எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

எங்கள் டீமுக்குப் பயிற்சி கொடுக்க அவர் ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் தெரிந்தவன் என்று அவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். தடித்தடியான ஆங்கில நாவல்களைப் படித்திருந்த கர்வத்தோடு போனேன். அவர் வாயைத் திறந்தார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற கேப்டன், ஆங்கில எழுத்து ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாதவர், “நீ நிக்கிற எடம் தப்பாம். ரெண்டடி உள்ள வான்றாரு” என்றார். வெள்ளைக்காரர் சொன்னது அதுதான். அன்று முதல் வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் பேசுவார், கேப்டன் எனக்குத் தமிழில் சொல்வார். துபாஷி உத்தியோகத்தில் இப்படி ஒரு ஏற்பாடு முன்னே பின்னே இருந்திருக்காது.

இரண்டு வாரத்தில் என் காதும் கொஞ்சம் பழகியது. டீ நேரங்களில் அவர் தம் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். அவர் நான்காம் டிவிஷனில் பேக் ஆடியவர். அதற்குக் கீழே சம்பள டிவிஷன் கிடையாதாம். பதினோரு வருடம் சின்னச் சின்ன ஊர்களில் மழையிலும் சேற்றிலும் ஆடியிருக்கிறார். கோடையில் ஆட்டம் இருக்காது. அந்த மாதங்களில் பாய்லர் பட்டறையில் கையாளாகப் போவார். இப்போது சோறு போடுகிற வேலை அப்படிக் கற்றதுதான். செய்தித்தாளில் ஒரே ஒருமுறை அவருடைய படம் வந்திருக்கிறது. எதிரணிக்காரர் கோல் போடுகிற படம். ஓரத்தில் தெரிகிற பூட்ஸ் இவருடையது.

ஒவ்வொரு ஆட்டக் காலமும் முடிந்ததும் உடைமாற்றும் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்களாம். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்பவர்களின் பட்டியல். பெயர் இல்லாதவர்கள் பூட்ஸை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பதினோரு வருடம் அந்தத் தாளைப் படிக்க அவருக்குத் தைரியம் வந்ததில்லையாம். தம்மோடு சேர்ந்து ஆடிய இன்னொரு பேக்கைப் படிக்கச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நிற்பாராம்.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பிறக்கும்போதே பர்மனென்ட் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் ஓடவும் மாட்டேன், உதைக்கவும் மாட்டேன் என்பதை அவர் முதல் நாளே கண்டுகொண்டிருந்தார். ஆனால் விதி தெரிந்தவன், உயரமானவன், உரக்கக் கத்துவேன். அதற்குத் தகுந்த வேலை ஒன்றைக் கொடுத்தார். எதிரணிக்காரன் முன்னால் நிற்கும் தன் ஆளுக்குப் பந்தை அனுப்புகிற நொடியில், அந்த ஆள் நம் கடைசி பேக்கைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு. ஆகவே, பந்து புறப்படும் நேரம் பார்த்து நான் சத்தம் கொடுக்க வேண்டும். பேக்குகள் நாங்கள் எல்லோரும் ஒன்றாக ஓரடி முன்னால் போய்விடுவோம். அவன் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். நான் கையைத் தூக்கியபடி நிற்பேன். கோட்டோரம் நிற்கும் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார். நடுவர் விசில் ஊதுவார். பந்தின் பக்கமே போகாமல் பந்து ஆட ஒரு வழி இருக்கிறது என்று அறிந்தபோது, இந்த விளையாட்டின் மேல் எனக்கு முதன்முறையாக மதிப்பு வந்தது.

இந்த ஒரே வித்தையை வைத்து, கேப்டன் போட்ட கோல்களின் துணையோடு, இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

பேட்டைக்குள் இன்னும் ஷெட் எழும்பாத காலி மனைதான் மைதானம். எதிரணி பக்கத்துப் பெயின்ட் கம்பெனி. ஆட்ட நேரமும் வேலை நேரமாகக் கணக்காகும்படி எங்களுக்கெல்லாம் ஆன்-டூட்டி போட்டிருந்தார்கள். லைன்ஸ்மேனாக நின்றவர் எங்கள் லோடிங் பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். அவருக்கு மட்டும் போட மறந்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெயின்ட் கம்பெனியின் முன்னாட்டக்காரர் குள்ளமானவர், நல்ல ஓட்டக்காரர். அவரை ஐந்து முறை மாட்டிவைத்தேன். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இன்னாய்யா ஆட்டம் இது, அந்த நெட்டையன் கையத் தூக்கினா விசில் ஊதறான்” என்று ஒருவர் சலித்துக்கொண்டார். “மேனேஜருக்குச் சொந்தக்காரனா இருப்பான்” என்றார் இன்னொருவர்.

இரு பக்கமும் கோல் இல்லை. இன்னும் சில நிமிடங்கள்தான் பாக்கி. அவர்கள் பந்தை அனுப்பிய நொடியில் நான் சத்தம் கொடுத்தேன். எங்கள் வரிசை அழகாக ஓரடி முன்னே போனது. உற்சாகத்தில் கோல்கீப்பரும் கூடவே வந்துவிட்டார். குள்ளமானவர் பின்னால் தனியாக மாட்டினார். கையைத் தூக்கினேன். அதே நொடியில் எங்கள் தொழிற்சாலையின் ஐந்து மணிச் சங்கு ஊதியது.

விசில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். லைன்ஸ்மேன் கொடியைத் தரையில் குத்தி நட்டுவிட்டு, கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியதும் கார்டு பஞ்ச் பண்ணாவிட்டால் அவருக்கு அன்று ஆப்சென்ட். கொடி மட்டும் செங்குத்தாக நின்று காற்றில் ஆடியது. அதைத் தூக்கிய கொடியாக எடுத்துக்கொள்வதா, தூக்காத கொடியாக எடுத்துக்கொள்வதா என்று நடுவருக்குப் புரியவில்லை. அருகில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினார்.

குள்ளமானவர் ஐந்து முறை பட்ட பழக்கத்தில், பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முன்னால் காலி கோல். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னாபா, ஆட்டம் நின்னுச்சா?”

நின்னுடுச்சு என்று ஒரு சொல் போதும். அவர் பந்தைக் கையில் எடுத்திருப்பார். படிவத்தில் அவ்வளவு பெரிய பொய்யைக் கூசாமல் எழுதியவன் நான். விதிப்புத்தகத்தை மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். லைன்ஸ்மேன் கார்டு பஞ்ச் பண்ணப் போனால் என்ன செய்வது என்று அதில் இல்லை. தூக்கிய கையை இறக்காமலே, “தெரியல” என்றேன்.

“அப்ப போட்டுக்கவா?” என்றார். நல்ல மனிதர்.

நான் கையைத் தூக்கியபடியே நடுவரைத் தேடினேன். அவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தட்டிவிட்டார். பந்து உருண்டு உள்ளே போனது. நடுவர் கொடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கோல் என்றார். தோற்றோம்.

கேப்டன் என்னைத் திட்டவில்லை. “ஒரு வார்த்த நைனா. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தார். வெள்ளைக்காரர் வந்து, கை சரியான நேரத்தில்தான் தூக்கப்பட்டது என்று என் முதுகில் தட்டினார். அந்த ஆறுதலைப் பொதட்டூர்பேட்டைக்கு எப்படி எழுதி அனுப்புவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை டைம் ஆபீஸ் சுவரில் பர்மனென்ட் பட்டியலை ஒட்டினார்கள், ஆங்கிலத்தில் டைப் அடித்து. நான் கூட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டேன். வெள்ளைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். நான் முதுகைக் காட்டி நின்றேன். சற்றுக் கழித்து என் தோளில் ஒரு கை விழுந்தது. உன் பெயர் இருக்கிறது என்றார்.

தந்தி கொடுக்கத் தபால் ஆபீசுக்கு ஓடப் பார்த்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, கேப்டன் பெயர் இல்லை என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். பத்தாவது வருடம் அவருக்காகப் பட்டியலைப் படித்த அந்த இன்னொரு பேக், உன் பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இவர் சந்தோஷத்தில் மனைவியிடம் சொல்ல ஓடிவிட்டார். படித்துச் சொன்னவரின் பெயர் இருந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. இருக்கவில்லை. மறுநாள் போனபோது அவருடைய பூட்ஸ் ஆணியில் இல்லை. அதன்பின் அவரைப் பார்க்கவே இல்லையாம். சொல்லி முடித்துவிட்டு, இப்போதே போ என்று உலைப் பக்கம் கையைக் காட்டினார்.

கேப்டன் உலையருகே தலையில் துண்டு கட்டி நின்றிருந்தார்.

“லிஸ்டு ஒட்டிக்கிறாங்களாமே. நீ வந்து படிச்சிச் சொல்வேன்னுதான் நான் போவல. உன்னுது கீதா?”

“இருக்கு.”

“என்னுது?”

பேசாமல் தெரியல என்று சொல்லியிருக்கலாம். அன்று மைதானத்தில் நிஜமாக இருந்த அந்தச் சொல், இங்கே பொய்யாகியிருக்கும். “இல்ல” என்றேன்.

அவர் உலையைப் பார்த்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “செரி. இதையாவது நேரா சொன்னியே” என்றார். பிறகு, “கல்யாணத்துக்குச் சொல்லு. தனியா வர மாட்டேன், ஊடே வரும்.”

வந்தார்கள், ஏழு பேர். அடுத்த பிரேக்குக்குப் பிறகு அவர் திரும்பச் சேரவில்லை. சூளூர்பேட்டைப் பக்கம் ஏதோ ஆலையில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்திரம் ஓடத் தொடங்கியதும் வெள்ளைக்காரரும் போய்விட்டார்.

பந்தே ஆடத் தெரியாத என்னை ஏன் எடுத்தார்கள், கேப்டனை ஏன் விட்டார்கள் என்று பர்சனல் ஆபீசரைப் பலமுறை கேட்டேன். ஒருமுறை, ஸ்டோர்ஸுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது என்றார். ஒருமுறை, வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார், தமக்குத்தான் புரியவில்லை என்றார். தாம் ஓய்வு பெற்ற அன்று அவர் சொன்னது வேறு: ஆட்டம் பார்க்க வந்த பெரிய மேனேஜர், கையைத் தூக்கி எல்லோரையும் நடத்துகிற அந்த உயரமான கேப்டனுக்கு வேலை போடச் சொன்னாராம்.

மூன்றில் எது உண்மை என்று இன்றும் பிடிபடவில்லை. ஆனால் எங்கே பட்டியல் ஒட்டியிருந்தாலும், என் பெயரைப் பார்த்த பிறகு யார் பெயர் இல்லை என்று தேடாமல் என்னால் நகர முடிவதில்லை. தேடி என்ன செய்யப் போகிறாய் என்று மனைவி கேட்டால், அன்று கையைத் தூக்கியபடி சொன்ன அதே பதில்தான் வருகிறது.