சூடு என்று சொன்ன பொய்

அடுத்த மாதம் எனக்கும் வசந்திக்கும் கல்யாணம். அதற்கு முன்பு அவளிடம் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று, திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையில் ஓர் இளநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்தினேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு சூடு புடிச்சுக்கிச்சு. ஒண்ணுக்குப் போனா எரியும்."

"சூட்டுக்கு எளநி குடிச்சா போச்சு. அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சுக்கினு இருக்க?" என்று சிரித்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆண்களுக்கு அவ்வளவு வசதியான வார்த்தை அது. ஆனால் பாதி சொல்லிவிட்டுத் திரும்ப நான் வரவில்லை.

"சூடு இல்ல வசந்தி. கொனோரியா. ஒடம்பு சேர்ந்தா ஒட்டிக்கிற வியாதி. ஊசி போட்டு, திரும்ப டெஸ்ட் எடுத்து, முழுசா குணமாயிடுச்சு."

வசந்தி லேப்பில் வேலை பார்ப்பவள். விளக்கம் தேவைப்படவில்லை. இளநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ உன்கூட இருந்தவங்களுக்குத் தெரியுமா?"

"அவகிட்டயும் சூடுன்னுதான் சொன்னேன்."

"பொம்பளைங்களுக்கு வெளிய தெரியாமலே உள்ள இருக்கும்பா. என் பதில அப்புறம் சொல்றேன். மொதல்ல அவங்ககிட்ட சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. வசந்தி வேண்டும் என்பதால் அவளிடம் உண்மை பேசினேன். பிரிந்து போனவளிடம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு ஆண்டுகளாகக் கூப்பிடாத எண்ணை அங்கேயே நின்று அழுத்தினேன்.

"யாரு?" என்றாள்.

என் பெயரைச் சொன்னேன். இந்த முறை நோயின் பெயரையும் சொன்னேன்.