கருப்பட்டிக் கடைக்காரன் வீட்டை அளந்த சிஸ்டர்

கடையில் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. "அண்ணாச்சி, நம்ம பிலோமினா சிஸ்டரு போயிட்டாவளாம்" என்றார் வாடிக்கையாளர் ஒருவர். தராசைக் கீழே வைத்தேன். அழுகைக்கு முன் பயம் வந்தது: இனி முத்துவுக்கு ஏதாவது என்றால் யாரிடம் ஓடுவேன்? சிஸ்டரை அறிந்தவர்களே, என் துக்கம் அவ்வளவு சுயநலமானது.

என் மகள் முத்துவுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. ஆஸ்பத்திரி நர்ஸான சிஸ்டர், அப்படிப்பட்ட பிள்ளைகளின் வீட்டுக்கே வந்து, வீட்டார் எப்படித் துணை நிற்கிறார்கள் என்று கேட்டு மார்க் போடுவார். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பது யார், கூட உட்கார்ந்து சாப்பிடுவது யார், அதிகம் ஏசுவது யார்? "சோதிக்கது பிள்ளைய இல்ல அண்ணாச்சி, ஒங்களத்தான்" என்பார். எட்டாம் வகுப்பையே தட்டுத் தடுமாறித் தாண்டிய எனக்கு இன்னொரு பரீட்சை.

ஒரு சஷ்டியன்று வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "வீட்டுல ஒரு துண்டு கருப்பட்டி கெடையாது சிஸ்டர். சீனியும் கெடையாது. எல்லாத்தையும் கடைக்கே அனுப்பிட்டேன். இன்னைக்கு முத்துவுக்காக வீடே விரதம். அவளும் இருக்கா. ஆனா ஊசிய மட்டும் தப்பவிடல."

முழு மார்க்கை எதிர்பார்த்து நின்றேன். சிஸ்டர் முகம் வெளுத்தது.

"ஊசியும் போட்டுப் பட்டினியும் போட்டியளா? பிள்ள எங்க?"

முத்து சுவரைப் பிடித்து நின்றாள். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. என்னை யாரோ போலப் பார்த்தாள். அப்படியே சரிந்தாள்.

"சாப்பிடாம ஊசி போட்டதுல சர்க்கரை ஒரேயடியா எறங்கிட்டு. சீனி கொண்டாங்க, சீக்கிரம்!"

ஊருக்கே கருப்பட்டி விற்பவன் வீட்டில் நக்கிப் பார்க்கக்கூட இனிப்பு இல்லை. "ஏன் நிக்கிய, ஓடுங்க!" என்று என் மனைவி கத்தினாள். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். நேரே அடுக்களைக்குள் புகுந்து சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அந்த வீட்டு அம்மாள் பின்னாலேயே, "ஏ அண்ணாச்சி, ஒங்களுக்குக் கிறுக்கா?" என்று கேட்டபடி வந்தார்.

சிஸ்டர் சீனியை ஈரவிரலில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவிக்கொண்டே இருந்தார். முத்து கண் திறந்து என்னைப் பார்த்தாள். "அப்பா, ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்கு?"

சிஸ்டர் ஏசவில்லை. "பயத்துக்கு மார்க் கெடையாது அண்ணாச்சி. 'ஒனக்கு என்ன செய்யுது'ன்னு அவகிட்ட ஒருநாளாவது கேட்டியளா?"

கேட்டதில்லை. பயப்படவே நேரம் போதவில்லை.

இப்போது முத்துவே ஊசி போட்டுக்கொள்கிறாள். சிஸ்டரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும், கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். நான் கதவருகே நின்று, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "இருங்கப்பா, சொல்லுதேன்" என்றாள். அவள் சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றேன். சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வியும், பதில் வரும்வரை பயந்துகொண்டே நிற்கும் பொறுமையும்தான்.