கட்டாக்காலி இல்லாத ஊர்

எங்கள் சமையல் குசினிக் கதவின் பின்னால் ஓர் ஆணியில் மூன்று கயிறுகள் தொங்குகின்றன. இரண்டு ஆட்டுக் கயிறு, ஒன்று மாட்டுக் கயிறு. வீட்டில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. வருகிறவர்கள் எதற்கென்று கேட்பார்கள். சின்னம்மாவுடையது என்பேன். அதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவில், கரம்பொனுக்கும் நாரந்தனைக்கும் இடையில், தேடினால் மட்டும் அகப்படும் சிறிய ஊர் எங்களுடையது. ஒரு சந்தி, சங்கக்கடை, தபாற்கந்தோர், தோட்டக்காரரின் பிள்ளையார் கோயில், கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்களின் மாதா கோயில். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் உவர். ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் வந்துபோன துறை என்று சரித்திரம் பேசுவார்கள். நான் கண்டது வள்ளங்களைத்தான். ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில், கடைகளிலும் கந்தோர்களிலும் இருந்தார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவர்கள் உடுத்த உடுப்போடு கப்பலில் திரும்பி வர, ஊர் நிரம்பியது. கிணற்றடியில் சண்டை வந்தது. சனம் கூடிப்போச்சு என்று சலித்துக்கொண்டோம். ஊர் கடைசியாக நிரம்பியது அப்போதுதான்.

அந்த ஊரில் கள்ளனைக்கூட மன்னிப்பார்கள், மாட்டைக் கட்டாமல் விட்டவரை மன்னிக்கமாட்டார்கள். நல்ல தண்ணீரைச் சுமந்து ஊற்றி வளர்த்த பயிர் அல்லவா? கட்டாக்காலி மாடு அதில் வாய் வைத்தால் வழக்கு ஊர் அதிகாரியான விதானையாரிடம் போகும். சின்னம்மாவின் பசு சிவப்பி ஒருமுறை கயிற்றை அறுத்துக்கொண்டு போய், பக்கத்து வளவு அண்ணையின் பயற்றங்கொடியை மேய்ந்துவிட்டது. அவர் சந்தியில் வைத்துச் சின்னம்மாவை ஏசினார். சின்னம்மா வீட்டுக்கு வந்து அழுதார். அடுத்த நாளே கடற்கரையில் சொல்லி நைலோன் கயிறு வாங்கினார். அது அறாது.

தொண்ணூறில் பீரங்கிச் செல் விழத் தொடங்கிய காலை, இரண்டு நாளில் திரும்பலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சின்னம்மா சிவப்பிக்கு வைக்கோலும் வாளியில் தண்ணீரும் வைத்து, பூவரசில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். அராலிக்குப் போகும் வள்ளத்தில் பக்கத்து வளவு அண்ணை எங்களுக்கு எதிரே இருந்தார்.

“உங்கட பயத்தங்கொடி பூத்து நிக்குது அண்ணை. சிவப்பியைக் கட்டிப்போட்டுத்தான் வாறன்” என்றார் சின்னம்மா.

அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார். “நான் என்ர மாடுகளை அவிட்டு விட்டிட்டன், பிள்ளை. எல்லாரும் அவிட்டு விட்டிட்டினம்.”

சின்னம்மா எழுந்து நின்றார். வள்ளம் ஆடியது. “தம்பி, திருப்பும்” என்றார் வள்ளக்காரரிடம்.

“ஏலாதக்கா.”

சின்னம்மா திரும்பவும் பலகையில் இருந்துவிட்டார். அழவில்லை. இரண்டு நாள் வருடங்களாகிவிட்டது. கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தோம். வீட்டுக்கார அம்மா பால் தேநீர் கொண்டுவந்தால், “எனக்கு வெறுந்தேத்தண்ணி காணும்” என்பார். சிவப்பியின் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் மரத்துப் போயிருந்தது. சோறு கிடைத்தால் தின்றேன், செல் கூவினால் குப்புறப் படுத்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணமே எழும்பி நடந்த அன்று மழை. வீட்டுக்காரர்கள் முன்னே போய்விட்டார்கள். நான் சாமான் கட்டிய சைக்கிளோடு வாசல் படலையில் நின்று கூப்பிட்டேன். சின்னம்மா கொட்டிலுக்குள் வீட்டுக்காரரின் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். பிறகு பக்கத்து வீட்டு மாட்டிடம் போனார்.

“அது ஆரின்ரையோ மாடு. வாங்கோ சின்னம்மா” என்று கத்தினேன்.

“ஆரின்ரையெண்டாலும் மாடுதானே. நீ நட, வாறன்.”

அவிழ்த்தும் மாடு போகாமல் நின்றது. முதுகில் அடித்துத் துரத்தினார். கயிறுகளை விட்டுவந்தால் யாராவது திரும்பக் கட்டிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அவற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சாவகச்சேரிவரை நடந்தார்.

சின்னம்மா இப்போது இல்லை. போன வருடம் ஊருக்குப் போனேன். சங்கக்கடைச் சுவர் நிற்கிறது. சனத்தைவிட மாடுகள் அதிகம். அன்று அவிழ்த்துவிட்டவற்றின் வழிவந்தவை, ஒருவருக்கும் சொந்தமில்லாதவை. பயிரும் இல்லை, ஏச ஆளும் இல்லை. எங்கள் வளவில் பூவரசு பெருத்திருந்தது. நைலோன் கயிறு பட்டைக்குள் புதைந்துபோய், முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது. அவிழ்க்கப் பார்த்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்தினேன். ஆணியில் மூன்று கயிறுகளும் தொங்கின. ஒன்றிலும் முடிச்சு இல்லை.