ஆனி விலையும் ஆடித் தள்ளுபடியும்

அன்றைக்கு அந்தப் பாத்திரக் கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். கல்யாணப் பெண்ணான என் மூத்த மகள். லாரி ஓட்டும் என் தம்பி. கல்லாவில் கடைக்காரர். வாசல் படியோரம் சாக்கு விரித்து, உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து பாத்திரத்தில் பேர் வெட்டுகிற பெரியவர். தூக்குவாளி வாங்க வந்த ஒரு அம்மா. அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊர் ராஜபாளையம். தொண்ணூறுகளின் ஆரம்பம். ஆடி மாதம்.

நான் அப்போது மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் இல்லை. மகளுக்கு மகாராஜபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி. நகை, பணம் என்று வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் மட்டும் ஒன்று கேட்டார்.

"எவர்சில்வர் போடுங்க, போடாம இருங்க. ஒரு பித்தளைக் குடம் மட்டும் வேணும். எங்க வீட்டுக்கு வந்த மருமக எல்லாருமே குடத்தோடதான் வந்திருக்காக."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

ஆனி மாதமே கடைக்குப் போனோம். சீருக்கு வேண்டிய எவர்சில்வர் சாமான்களை மகள் எடுத்து வைத்தாள். அண்டா, தவலை, தாம்பாளம், சம்படம், செம்பு, டம்ளர் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் என்றார் கடைக்காரர். பித்தளைக் குடம் தனியாக முந்நூறு. என்னிடம் இருந்தது சீட்டுப் பணம் ஆயிரத்து இருநூறு. அதற்கு மேல் தட்டிக் கொட்டினால் ஒரு நூறு தேறும். குடத்துக்குக் காணாது.

நான் யோசிப்பதைப் பார்த்துக் கடைக்காரரே வழி சொன்னார்.

"ஏன் அக்கா யோசிக்கீக? ஆடி பொறக்கட்டும். எவர்சில்வருக்கு இருபது பெர்சன்ட் தள்ளுபடி போடுதேன். உங்களுக்கு இருநூத்தி நாப்பது குறையும். குடத்துக்குத் தள்ளுபடி கிடையாது. ஆனா இதுல மிச்சம் பிடிச்சு அதை வாங்கிக்கலாம்லா."

கணக்கு சரியாக வந்தது. ஆனால் ஒரு சிக்கல். ஆடியில் கல்யாணச் சாமானில் பெண்ணின் பேர் வெட்ட மாட்டோம். ஆவணி பிறந்த பிறகு இத்தனை பாத்திரத்துக்கும் வெட்ட நாள் காணாது; ஆனி முகூர்த்த நாளிலேயே வெட்டிவிட வேண்டும். அதையும் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். பேரை இப்போதே வெட்டிக் கடையிலேயே வைத்துவிடுவது, பணத்தை ஆடியில் கட்டுவது, சாமானை ஆவணி முதல் தேதி எடுத்துப் போவது. முன்பணம் கூடக் கேட்கவில்லை. பேர் வெட்டின பாத்திரத்தை எந்தத் தாயும் விட்டுவிட்டுப் போக மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு முகூர்த்த நாள்தான்; அப்போதே பெரியவர் உட்கார்ந்து, எல்லாப் பாத்திரத்திலும் மகளின் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டினார்.

ஆடி வந்தது. கடை வாசலில் சிவப்புத் துணியில் போர்டு. இருபது சதவீதம் தள்ளுபடி. பணத்தை எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் பில்லை எழுதி நீட்டினார். மகள் வாசித்தாள். சாமான் விலை ஆயிரத்து ஐந்நூறு. தள்ளுபடி முந்நூறு. கட்ட வேண்டியது ஆயிரத்து இருநூறு.

நான் பில்லை வாங்கவில்லை.

"ஆனியில ஆயிரத்து இருநூறுன்னு சொன்னீகளே அண்ணாச்சி."

"அது ஆனி விலை அக்கா. இது ஆடி விலை."

"அப்போ தள்ளுபடி?"

"அதான் போட்டிருக்கேனே! இருநூத்தி நாப்பதுன்னு சொன்னேன். முந்நூறாக் குறைச்சிருக்கேன்."

தூக்குவாளி அம்மா சிரித்துவிட்டார். "ஏத்திட்டு எறக்குததுக்கு என்னத்துக்குய்யா போர்டு?" என்று கேட்டு, கையில் இருந்த வாளியைத் திரும்ப அடுக்கில் வைத்தார்.

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. என் தம்பிக்கு அதைவிடச் சிவந்தது.

"அண்ணாச்சி, இது ஏமாத்து. அதே அண்டா, அதே தவலை. எங்க புள்ள பேரு வெட்டியிருக்கு. ஒரு மாசமா உங்க அடுக்குல கெடந்து வெலை ஏறிருச்சோ? குட்டி போட்டுச்சா என்ன?"

"ஏலே தம்பி, சத்தம் போடாத. என் சரக்கு, என் விலை. உங்க அக்காவுக்கு ஒரு பைசா நட்டமா? ஆனியில எம்புட்டுச் சொன்னேனோ அம்புட்டுத்தான் இப்பவும் வாங்குதேன். பஜார் பூராப் போய்ப் பாரு, எல்லாக் கடையிலயும் இதான். போலீசுல சொல்லு, கோர்ட்டுல சொல்லு, போ."

மகள் என் முந்தானையை இழுத்தாள். "அம்மா, வாங்கிருவோம்மா. என் பேரு போட்ட பாத்திரம்மா."

எனக்கும் அதுதான் உறுத்தியது. பேர் வெட்டின சாமானைக் கடையில் விட்டுவிட்டுப் போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? கல்யாணம் நின்றுபோயிற்று என்பார்கள். அந்தப் பேச்சு மகாராஜபுரம் வரை போகும். ஆயிரத்து இருநூறைக் கட்டினாலோ குடம் இல்லை. குடம் இல்லாமல் மகளை அனுப்பினால் நான் கொடுத்த வாக்கு போயிற்று.

"கெடக்கட்டும்ட்டி. பேருதான அங்க இருக்கு, நீ என்கூடத்தான இருக்க. வா," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

படியில் பேர் வெட்டுகிற பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நான் வெட்டத்தான் செய்வேன். அழிக்கச் சொல்லி என்கிட்ட வந்துறாதீக," என்றார்.

தம்பி விடவில்லை. கோர்ட்டில் சொல்லு என்று கடைக்காரரே சொன்னார் அல்லவா, சொல்லிவிடுவோம் என்று மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏற்றினான். கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அவனுக்கு லாரி கேஸ் பார்த்த வக்கீல் இருந்தார்.

பஸ்ஸில் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கேட்டது சரிதானா? எனக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லையா? யோசித்தால் பதில் கிடைத்தது. ஆனியிலேயே தள்ளுபடி இல்லை என்று சொல்லியிருந்தால், இரண்டு தவலையைக் குறைத்துக்கொண்டு குடத்தை வாங்கியிருப்பேன். பேரும் வெட்டியிருக்க மாட்டேன். இவர் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தால் இவ்வளவு தருகிறேன் என்றார். காத்திருந்தேன், தரவில்லை. மில்லில் ஒரு ஷிப்ட் வேலை வாங்கிவிட்டுக் கூலி இல்லை என்று சொன்னால் அது நஷ்டம் இல்லையா? அதே கதைதான் இது.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டார்.

"விலையை ஏத்துறது குத்தமில்ல. அது அவர் இஷ்டம். ஏத்தி வச்சிக்கிட்டு, குறைச்சுத் தாறேன்னு போர்டு போடுதார் பாருங்க, அதுதான் குத்தம். இல்லாத தள்ளுபடியை இருக்குன்னு காட்டி விக்கிறது ஏமாத்து வியாபாரம். இந்த மாதிரி விஷயத்துக்குன்னே இப்போ தனிச் சட்டம் வந்திருக்கு. கேஸ் போட்டா நிக்கும்."

தம்பி என்னைப் பார்த்தான், ஜெயித்த மாதிரி.

"கல்யாணம் எப்போம்மா?" என்றார் வக்கீல்.

"ஆவணியில ஐயா."

"எந்த ஆவணி?"

"வாற ஆவணி."

அவர் பேனாவை மூடினார். "தீர்ப்பு வரும். நல்ல தீர்ப்பாத்தான் வரும். ஆனா அது வரும்போது உங்க பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போயிக்கிட்டிருப்பான். பரவாயில்லையா?"

எழுந்துவிட்டோம். வக்கீல் ஃபீஸைத் தம்பி கொடுத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தான். எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. நான் நினைத்தது தப்பில்லை என்று படித்தவர் சொல்லிவிட்டார். அது போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வாரமே ஷிப்ட் முடிந்து தனியாகக் கடைக்குப் போனேன். என்ன பேசுவது என்று ஒன்றும் யோசித்துப் போகவில்லை. உள்ளே நல்ல கூட்டம். மம்சாபுரத்தில் இருந்து வந்த ஒரு குடும்பம் சாமான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா அடுக்கில் இருந்த அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தார். என் மகள் பேர் வெட்டிய அண்டா.

"இதென்ன, யாரு பேரோ போட்டிருக்கு? அடகுல வந்த சாமானா?"

"இல்ல தாயி, அது வேற கணக்கு. நீங்க இந்தப் பக்கம் பாருங்க," என்று கடைக்காரர் ஓடி வந்தார்.

"அந்தத் தவலையிலயும் அதே பேரு இருக்கே. புதுச் சாமான்னு சொல்லிப் பழசை விக்கீகளா?"

அதற்குள் அவர் கூட வந்தவர்கள் மற்ற பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.  நான் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அந்தக் குடும்பம் ஒன்றும் வாங்காமல் இறங்கிப் போனது. அப்போதுதான் கடைக்காரர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, காபி வாங்கிவரச் சொன்னார்.

"செத்த நேரம் உக்காருங்க அக்கா. இந்தப் பாத்திரத்தை எடுத்துட்டுப் போயிருங்க. உங்க மக பேரு என் கடையைக் கெடுக்குது."

"எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. தள்ளுபடியைக் குடுங்க."

அவர் குரலை இறக்கிக்கொண்டார். "நானும் மனுசன்தான் அக்கா. போர்டு போடாட்டி ஒருத்தரும் உள்ள வரமாட்டேங்காக. எதிர்த்த கடையில போட்டிருக்கான், அங்க போயிருதாக. நெசமா இருபது பெர்சன்ட் குறைச்சா எனக்கு என்ன நிக்கும்? அதனாலதான் ஏத்தி எறக்குதது. உங்களுக்கு ஒரு வழி சொல்லுதேன். ஆயிரத்து இருநூறக் கட்டுங்க. பித்தளைக் குடத்தை இனாமாத் தாறேன். முந்நூறு ரூபாக் குடம். ஆனா ஆனி விலை, ஆடி விலைன்னு வெளிய ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. போர்டைப் பார்த்துத்தானே நாமும் கடைக்குள் போகிறோம்? குடமும் கண் முன்னால் இருந்தது. சீட்டுப் பணமும் தட்டிக் கொட்டின நூறும் என் மடியில் இருந்தன. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணச் சாமான் முழுதும் முடிந்தது.

காபியைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். மில்லில் என் கூட வேலை பார்க்கிற நாலைந்து பேருக்குப் பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். எல்லோரும் ஆடித் தள்ளுபடிக்குத்தான் காத்திருந்தார்கள். என்னிடம் கேட்பார்கள். நான் என்ன சொல்வது?

"இனாம் வாங்குனா பேசக்கூடாது அண்ணாச்சி. தள்ளுபடி வாங்குனாப் பேசலாம். எனக்குத் தள்ளுபடியே குடுங்க. குடத்துக்கு நான் காசு தாறேன்."

"உங்க வாயைப் பூட்ட முந்நூறு ரூபா பத்தலையாக்கும்?"

"பூட்டு வேண்டாம்."

"கோர்ட்டுக்குப் போனீகளாமே?"

"போனேன். தப்பு உங்க மேலதான்னு வக்கீலே சொன்னாக. பேரன் பொறந்து பள்ளிக்கூடம் போன பொறவுதான் தீர்ப்பு வருமாம். அம்புட்டு நாளைக்கு இந்தப் பாத்திரம் உங்க கடையிலதான் இருக்கணும்."

 அவர் சிரித்துவிட்டார். பில் புத்தகத்தை இழுத்து, ஆயிரத்து இருநூறு என்று எழுதி, அதில் இருநூற்று நாற்பதைக் கழித்தார். தொள்ளாயிரத்து அறுபது.

"உங்களை மாதிரி இன்னும் ரெண்டு பேரு வந்தா, கடையை மூடிட்டு நான் மில்லுல சேர வேண்டியதுதான்."

"வாங்களேன். நைட் ஷிப்டுக்கு ஆள் எடுக்காக."

குடத்துக்கு முந்நூறை எண்ணி வைத்தேன். குடத்தில் அன்றைக்குப் பேர் வெட்டவில்லை. ஆடி அல்லவா? ஆவணி முதல் தேதி வெட்டினோம்.

மில்லில் எல்லோரிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனியிலேயே போய் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆடியில் திரும்பக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் வேறு நாலு பேருக்குச் சொன்னார்கள். அந்தக் கடைக்காரரோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. இளைய மகளுக்கும் அங்கேதான் சாமான் எடுத்தேன். என்னைக் கண்டதும், "அக்காவுக்கு ஆனி விலையைப் போடுங்கப்பா" என்று கடைப் பையன்களிடம் சொல்வார்.

ஏற்றிவிட்டு இறக்குவது தப்பா, சட்டப்படி குற்றமா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். இரண்டும்தான். ஆனால் சட்டம் நம்மைத் தேடி வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். அதுவரைக்கும் நம் வாய்தான் நமக்குத் துணை. அதை விற்றுவிட்டால் ஒன்றும் இல்லை. இனாமை வாங்கியிருந்தால் இதை இன்று உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். எழுத முடிகிறதே என்ற திருப்திக்காக அன்று நான் அதிகமாகக் கொடுத்தது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

அறுபது ரூபாய்.