அப்போதிக்கரிக்குப் படிக்கிற பெடியன்

தாதியர் பயிற்சிக்கு என்னை எடுத்திருக்கிறார்கள் என்று சொன்ன அன்று ஐயா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெங்காயத் தறைக்குப் போய்விட்டார். பின்னேரம் அம்மாவிடம் மட்டும் கேட்டாராம்: "உது பொம்பிளைப் பிள்ளையளின்ரை வேலையெல்லே?"

"அரசாங்க உத்தியோகம். பென்சன் இருக்கு" என்றிருக்கிறா அம்மா. அதோடு அந்தக் கதை எங்கள் வீட்டில் முடிந்தது.

உரும்பிராயில் யாரும் என்னைப் பற்றிக் கேட்டால் ஐயா, "மருந்துப் பக்கம் படிக்கிறான்" என்று சொல்லி வசனத்தை அதோடு நிப்பாட்டிவிடுவார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் நான் அப்போதிக்கரிக்குப் படிக்கிறேன் என்று ஊரில் கதை உலாவியது. அப்போதிக்கரி என்றால் எங்கள் பக்கத்தில் முக்கால் டொக்டர். சின்ன ஆஸ்பத்திரிகளில் மேசை போட்டிருந்து மருந்து எழுதிக் கொடுப்பவர். சந்திக் கடைக்காரர் எனக்குக் கதிரை இழுத்துப் போடத் தொடங்கினார். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு வேண்டிய தெம்பு எனக்கு இருக்கவில்லை என்பதுதான் சரி.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபின் வந்த வருடங்கள் அவை. வகுப்பில் பெடியள் மூன்று பேர், மற்றதெல்லாம் பெண்பிள்ளைகள். முதல் வருடம் முடிய முன்னரே ஒருவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். மிஞ்சியது நானும் ஒரு குருநகர்ப் பெடியனும். அவன் கடற்தொழில் செய்கிற குடும்பம். கரையில் இருக்க முடியாமல் அவர்கள் உள்ளுக்கு இடம்பெயர்ந்து, ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தார்கள். அவனுடைய தாய், பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் "என்ரை மகன் நேர்ஸுக்குப் படிக்கிறான்" என்று தானாகவே சொல்லிவிடுவாவாம். அதை அவன் சாதாரணமாகச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு விடுதி இருந்தது. எங்களுக்கு இல்லை. காலமை இருட்டோடு எழும்பிச் சைக்கிளில் பட்டணத்துக்குப் போவேன். ரயர் தேய்ந்து, அதற்குள் பழைய ரயர்த் துண்டு வைத்துத் தைத்திருந்ததால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருக்கால் முதுகில் இடிக்கும். ஏழு மணிக்கு வாட்டில் நிற்க வேணும். படுக்கை விரித்து, நோயாளர்களைத் துடைத்து, காய்ச்சல் பார்த்து, பெட்பான் வைத்து எடுத்து, புண் கட்டி முடிய வகுப்பு. வகுப்பில் ரீச்சர் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லுவா. நாங்கள் எழுத வேணும். இரவில் வீட்டில் ஜாம் போத்தல் விளக்கில் அதைத் திருப்பிப் பார்த்தால் பாதிப் பக்கத்துக்குமேல் என்னுடைய எழுத்தே எனக்கு விளங்காது. நித்திரையில் எழுதியது அது.

வகுப்பில் இருப்பதற்கும் எங்களை விடமாட்டார்கள். பாரமான நோயாளர் யாரையாவது தூக்க வேண்டி வந்தால், எந்த வாட் என்றாலும் அங்கிருந்து ஒரு அற்றென்டன் கதவடியில் வந்து நிற்பார். "ரீச்சர், பெடியளை ஒருக்கா அனுப்பட்டாம்." சிறுநீரகத்தைப் பற்றி ரீச்சர் படிப்பித்த அன்று நான் முழு நேரமும் சத்திரசிகிச்சை வாட்டில் ஆள் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"எங்களைத் தாதி வேலைக்கு எடுத்தவையோ, மூட்டை தூக்கிற நாட்டாமை வேலைக்கு எடுத்தவையோ?" என்று குருநகர்ப் பெடியன் ஒருநாள் கேட்டான். அவனுக்குக் கை பழக்கம், வள்ளம் இழுத்தவன். எனக்கு இரவில் முதுகு நிமிராது. அம்மா நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்ப்பா. ஐயா பார்த்தும் பாராததுபோல வெளியே போவார்.

இரண்டாம் வருடம் சத்திரசிகிச்சை வாட்டில் பயிற்சி. ஒருநாள் காலமை, சலம் அடைத்து, சிறுநீர் போகாமல் வயிறு கல்லுப்போலாகி, அனுங்கிக்கொண்டு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டொக்டர் குழாய் போட ஆயத்தமானார். நான் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். குழாய் உள்ளே போய், சலம் ஓடி, வேதனை தணிந்த பிறகுதான் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

எங்கள் தோட்டக் கிணற்றில் மற்றப் பங்கு அவருக்குத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து ஐயாவும் அவரும் தண்ணி இறைப்பார்கள். நான் நடக்கப் பழகின நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்டு வந்தவர்.

"தம்பி, நீயோ?" என்றார். பிறகு என் கையில் இருந்த சலப் பாத்திரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு ஒப்பரேஷன் செய்ய வேணும். மின்சாரம் இல்லை, ஜெனரேற்றருக்கு எண்ணெய் மட்டு, காயப்பட்டவர்கள் வரவர அவர்களுக்குத்தான் முதலிடம். அவருடைய முறை தள்ளித் தள்ளிப் போனது. அவர் மூன்று கிழமைக்கு மேல் எங்கள் வாட்டில் கிடந்தார். பெண்பிள்ளைகள் கிட்டப் போனால் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"அவர் உம்மைத்தான் கேக்கிறார். நீரே பாரும்" என்று வாட் சிஸ்டர் சொல்லிவிட்டா.

அப்படி அவரை நான்தான் பார்த்தேன். உடம்பு துடைத்தேன். குழாய் அடைக்காமல் சிறிஞ்சால் உப்புத்தண்ணி விட்டுச் சலப்பையைக் கழுவிவிட்டேன். ஒருமுறை வயிற்றோட்டம் வந்து இரண்டு நாளாகப் படுக்கையிலேயே போனது. அதையும் நான்தான் எடுத்தேன். சவுக்காரம் இல்லாத காலம். கையில் அந்த மணம் போகாது. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். அவர் அந்த நேரங்களில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். முடிந்த பிறகு கண்ணைத் திறந்து, தோட்டத்தைப் பற்றி ஏதாவது கதைப்பார். "வெங்காயம் இந்தமுறை என்ன மாதிரி?" "மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை மாமா. ஐயா வாளியாலைதான் இறைக்கிறார்." "உந்த வயசிலையோ?" நான் வெங்காயத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டே விரிப்பை மாற்றுவேன்.

அந்த நாட்களில் எனக்கு வேறொன்று உறைத்தது. அயலில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் எங்கள் ஊரில் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். கிணற்றுப் பங்காளி என்றால் சொல்லத் தேவையில்லை. ஐயா வரவில்லை. முதல் கிழமை சைக்கிள் சரியில்லை என்றார். அடுத்த கிழமை தண்ணி முறை என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அம்மா, "சனம் என்ன நினைக்கும்? ஒருக்காப் போட்டு வாங்கோவன்" என்று சொல்ல, அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படலை மட்டும் போய், கொஞ்சம் நின்று, திரும்பி வந்து சால்வையைக் கொடியில் போட்டார். நான் விறாந்தையில் படுத்திருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்டில் என்னைக் கண்டுவிடுவார் என்பதுதான் அவருடைய பயம். எனக்குக் கோபம் வரவில்லை. ஏதோ ஒரு பாரத்தை மறுபடி தூக்கச் சொன்னதுபோல இருந்தது.

ஒப்பரேஷன் நடக்கவில்லை. குழாயோடு வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி அவரை அனுப்பினார்கள். போகிற அன்று மகன் வாசலில் தட்டிவானைப் பிடிக்கப் போயிருந்தான். நான் அவருக்குச் சாறத்தைக் கட்டிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, நீ ஒண்டுக்கும் யோசியாதை. நீ இஞ்சை செய்யிற வேலையை நான் ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்ரை வீட்டுக்காறிக்கும் சொல்லேல்லை."

அவர் நன்றிக்காகத்தான் அதைச் சொன்னார். தன்னால் தரக்கூடியதில் பெரியது அது என்று அவருடைய முகத்தில் தெரிந்தது. நான் "ஓம் மாமா" என்றேன். அவர் போன பிறகு படுக்கையைக் கழற்றி ரப்பர் சீற்றைக் கழுவப் போன இடத்தில் எனக்கு அழுகை வந்தது. குருநகர்ப் பெடியன் பக்கத்துக் குழாயில் போத்தல் கழுவிக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

நடந்ததைச் சொன்னேன். அவன் என் கையிலிருந்த சீற்றை வாங்கினான். பிறகு, "போய் அந்த மர வாங்கிலை கொஞ்சம் படு. மிச்சத்தை நான் கழுவுறன்" என்றான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். காலமையிலிருந்து குண்டு போடுகிற பொம்மர் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. றோட்டில் ஒரு வாகனம் இல்லை. படலையடியில் மாமாவின் மகன் சத்தம் போட்டுக் கூப்பிட்டான்.

"தம்பியை உடனை வரட்டாம்! எங்கடை ஐயாவுக்குக் குழாய் அடைச்சுப்போச்சு. துடிக்கிறார்."

ஐயா முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "அவன் என்ன செய்வான்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோவன்" என்றார்.

"இந்தப் பொம்மருக்கை எப்பிடிப் போறது? ஐயாதான் சொல்லுறார், அவனைக் கூட்டிக்கொண்டு வா, அவன்தான் வாட்டிலை எனக்கு எல்லாம் செய்தவன் எண்டு."

நான் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பின்னால் ஐயாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

மாமா பாயில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். வயிறு அதே கல்லு. வீட்டுக்கு அனுப்பும்போது வாட் சிஸ்டர் ஒரு பெரிய கண்ணாடிச் சிறிஞ்சைக் கொடுத்துவிட்டிருந்தா. மாமி அதை அலுமாரிக்குள் சீலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தா. அதை அவிக்கச் சொன்னேன். தண்ணியைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டு ஆறவைத்தேன். வாட்டில் எத்தனையோ தடவை செய்ததுதான். ஆனால் அங்கே பின்னால் சிஸ்டர் நிற்பா. இங்கே என் பின்னால் ஊர் நின்றது. அயல் சனம் கதவு நிறைய. நிலையோடு சாய்ந்துகொண்டு ஐயா.

முதல் முறை தண்ணி உள்ளே போகவில்லை. மாமா கத்தினார். குழாயைக் கொஞ்சம் அசைத்து, மெதுவாக மறுபடி விட்டு, இழுத்தேன். மணல்போல ஏதோ கட்டியாக வந்தது. அதன் பின்னால் சலம் பாய்ந்து என் சட்டையெல்லாம் நனைந்தது. மாமா நீளமாக ஒரு மூச்சு விட்டார். மாமி சுவரில் இருந்த சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டா.

சலச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது சனம் விலகி வழி விட்டது. அடிவளவில் ஊற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். ஐயா எனக்கு முன்னரே அங்கே நின்று வாளியால் தண்ணி அள்ளி வைத்திருந்தார். நான் கையை நீட்ட, ஊற்றினார்.

"உதுதான் அங்கை செய்யிறதோ?"

"ஓம் ஐயா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

"எல்லாருக்குமோ? தெரியாத ஆக்களுக்கும்?"

"அவைதானே கனக்க."

ஐயா இன்னொரு வாளி அள்ளினார். "அலுப்பாயிருக்குமே" என்றார்.

"அலுப்புத்தான்" என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கிணற்றுக் கட்டில் இருந்தோம். பொம்மர் சத்தம் தூரத்தே போயிருந்தது. சட்டையைக் கழற்றித் தரச் சொல்லி அவரே அதை அலசிப் பிழிந்தார்.

மாமா இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒப்பரேஷன் செய்து சுகமாகித் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். நான் வேலையைச் செய்தது குறித்து அவர் பின்னர் வாய் ஓயாமல் எல்லாருக்கும் சொன்னார். முன்னர் சொல்லமாட்டேன் என்று வாக்குத் தந்ததை மறந்தேபோனார் என்று நினைக்கிறேன். அதன்பிறகு என்னுடைய லீவு நாள் என்று ஒன்று இருக்கவில்லை. சீனி வருத்தத்தால் காலில் புண் வந்தவர்கள், அடுப்பில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள், டொக்டர் ஊசிக்கு எழுதின துண்டும் மருந்தும் வைத்துக்கொண்டு போட ஆளில்லாதவர்கள் எல்லாரும் எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். ஐயா வாங்கைத் தூக்கி மாமரத்துக்குக் கீழே போட்டார். "இருங்கோ, தம்பி படுத்திருக்கிறான். எழுப்பிவிடுறன்" என்று அவர் சொல்வது எனக்கு உள்ளே கேட்கும். சந்திக் கடைக்காரர் கதிரை போடுவதை விட்டுவிட்டார். தன்னுடைய காலை நீட்டி, நகச்சுற்றைக் காட்டத் தொடங்கினார்.

ஒருநாள் கரவெட்டியிலிருந்து வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரர், "பெடியன் டொக்டருக்கோ படிக்கிறான்?" என்று கேட்டார்.

"இல்லை, நேர்ஸ்" என்றார் ஐயா. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஆண் நேர்ஸ். உவைக்குத்தான் வேலை கூட" என்றார்.

எங்கள் இறுதிச் சோதனை பிந்தியது. வினாத்தாள் கொழும்பிலிருந்து வர வேணும். தரைப்பாதை பூட்டிக் கிடந்தது, கப்பல் வந்தால்தான் வினாத்தாள். நாங்கள் மாணவர்களாகவே இருந்து முழு வேலையும் செய்தோம். ஒருவழியாகச் சோதனை நடந்தது. சிறுநீரகத்தைப் பற்றி ஒரு பெரிய கேள்வி இருந்தது. எனக்குத் தெரிந்ததை எழுதினேன். பெறுபேறு வரவும் கனகாலம் எடுத்தது. நானும் குருநகர்ப் பெடியனும் சித்தியடைந்திருந்தோம். அவனுடைய தாய் எங்கள் இருவருக்கும் மீன் குழம்பு வைத்து அனுப்பினா. நாங்கள் சைவம் என்பது அவவுக்குத் தெரியாது. அவன் இரண்டு பங்கையும் சாப்பிட்டான். நான் பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்து அப்படியே நித்திரையாகிவிட்டேன்.